காக்கிக்கு ஒரு கவசம்: காவலர் மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி எதற்கு?

ஓர் அரசு மருத்துவர் நோயாளியைப் படுக்கவைத்துப் பரிசோதிக்கிறார். நாடி பார்க்கிறார், வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், அப்படியே நோயாளியின் சட்டைப்பையில் கைவிட்டுப் பணத்தையும் எடுத்துக்கொள்கிறார். பரிசோதனை அவருடைய வேலை. திருட்டு? அதுவும் பணி நேரத்தில், பணியிடத்தில், பணியின் நடுவில் நடந்ததுதானே?

1948-இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்), இந்தியாவிலிருந்து போன ஒரு லஞ்ச வழக்கின் மேல்முறையீட்டில் ஏறக்குறைய இந்த உதாரணத்தைத்தான் சொன்னது. நோயாளியைத் தொட்டுப் பார்த்தது அரசுப் பணி. பையில் கைவிட்டது அரசுப் பணியல்ல. ஆகவே அந்தத் திருட்டுக்காக அவர் மீது வழக்கு நடத்த அரசைக் கேட்க வேண்டியதில்லை.

மருத்துவர் இருந்த இடத்தில் ஒரு காவல் ஆய்வாளரை நிறுத்திப் பாருங்கள். சந்தேகப்படும் ஆளை விசாரிப்பது அவருடைய வேலை. விசாரிக்கும்போது ஓர் அறை விடுகிறார். பிறகு லத்தியை எடுக்கிறார். மறுநாள் அந்த ஆள் மருத்துவமனையில் கிடக்கிறார். இதில் எதுவரை பணி, எங்கிருந்து குற்றம்? காவல் துறைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பு பற்றிய விவாதம் முழுவதும் இந்தக் கோட்டை எங்கே போடுவது, யார் போடுவது என்பதைச் சுற்றியே நடக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197 என்றொரு பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 197 அதில் 218-ஆகத் தொடர்கிறது. அதன் சாரம் இதுதான்: அரசின் ஒப்புதல் இல்லாமல் பதவியிலிருந்து நீக்க முடியாத ஒரு பொது ஊழியர், தன் அலுவல் கடமையைச் செய்யும்போதோ, செய்வதாகக் கருதி நடந்துகொண்டபோதோ ஒரு குற்றம் செய்தார் என்று சொல்லப்பட்டால், அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த நீதிமன்றமும் அந்த வழக்கைக் கோப்பில் எடுக்கக் கூடாது. இந்த அனுமதியை அலுவலக வழக்கில் இசைவாணை என்பார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அனுமதி இல்லாமல் காவலர் மீது முதல் தகவல் அறிக்கையே போட முடியாது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். அப்படி இந்தப் பிரிவில் எதுவும் இல்லை. வழக்குப் பதியலாம், விசாரிக்கலாம், கைது செய்யலாம், குற்றப்பத்திரிகையும் எழுதலாம். அந்தக் குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கையில் எடுக்கும் வாசற்படியில்தான் அனுமதி கேட்கப்படுகிறது. வழக்குப் பதிய மறுக்கும் நிலையம் '197 இருக்கிறது' என்று காரணம் சொன்னால், அது சட்டமல்ல, சாக்கு.

இன்னொரு குழப்பம் அமெரிக்காவிலிருந்து வருவது. 2020-இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, அந்நாட்டுக் காவலர்களுக்கு இருக்கும் ஒரு விலக்குரிமை பற்றி உலகம் முழுவதும் பேச்சு எழுந்தது. அது இழப்பீடு கேட்டுத் தொடரப்படும் உரிமையியல் வழக்குகளுக்கானது. ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்த அதிகாரி கொலைக் குற்றவாளி என்று தண்டிக்கப்படுவதற்கு அது குறுக்கே வரவில்லை. நம் 197 நேர் எதிரானது: இழப்பீட்டைத் தொடாது; குற்றவழக்கைத்தான் வாசலில் நிறுத்தி வைக்கும்.

அப்படியானால் எதற்காக இப்படி ஒரு பாதுகாப்பு? ஆங்கிலேயர் தங்கள் அதிகாரிகளைக் காப்பாற்றிக்கொள்ள வைத்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் உண்மை உண்டு, 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. ஆனால் முழு உண்மை அதுவல்ல. நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் நேரே மாஜிஸ்திரேட்டிடம் போய்த் தனிநபர் புகார் கொடுக்கலாம். மணல் லாரியைப் பிடித்த உதவி ஆய்வாளர் மீது லாரிக்காரர் தாக்குதல் புகார் கொடுப்பார். கந்துவட்டிக்காரரைக் கைது செய்தவர் மீது அவருடைய உறவினர்கள் வழிப்பறிப் புகார் கொடுப்பார்கள். வேலையை ஒழுங்காகச் செய்பவருக்குத்தான் எதிரிகள் அதிகம். ஒவ்வொரு கைதுக்கும் ஒரு வழக்கு என்று அவரை நீதிமன்றப் படிக்கட்டில் ஏறி இறங்க வைத்தால், அடுத்த முறை லாரியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு இந்த வாதம் சரியாகவே படுகிறது.

அரசியல் சாசனத்துக்கு இது முரண் என்ற வாதமும் ஒருமுறை சோதிக்கப்பட்டது. கல்கத்தாவில் வருமானவரிச் சோதனைக்குப் போனவர்கள் ஒருவரைக் கட்டிவைத்து அடித்ததாக எழுந்த வழக்கில், 1955-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்தப் பிரிவு செல்லும் என்றது. செயலுக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு இருக்க வேண்டும் என்ற அளவுகோலையும் அந்தத் தீர்ப்புதான் நிலைநிறுத்தியது. இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் அதையே எடுத்து அளக்கின்றன.

கவசம் யாருக்கு என்பது இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. 'அரசின் ஒப்புதல் இல்லாமல் நீக்க முடியாத' என்ற சொற்களை மறுபடி படியுங்கள். ஒரு காவலரை, தலைமைக் காவலரை, உதவி ஆய்வாளரை நீக்க அரசு தேவையில்லை. துறை உயரதிகாரியே நீக்கலாம். அதனால் மைசூர் மாநிலத்து உதவி ஆய்வாளர் ஒருவர் வழக்கில், அவருக்கு 197-இன் பாதுகாப்பு கிடையாது என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம்-ஒழுங்குப் பணியில் இருக்கும் படையினருக்கும் இது பொருந்தும் என்று அறிவிக்கை வெளியிட மாநில அரசுக்கு அதே பிரிவு வழி வைத்திருக்கிறது; சில மாநிலங்கள் அதைப் பயன்படுத்தியும் இருக்கின்றன. அறிவிக்கை இல்லாத இடத்தில், லத்தியைப் பிடித்தவர் வெயிலில் நிற்கிறார், பிடிக்கச் சொன்னவர் நிழலில் இருக்கிறார். இந்த ஏற்றத்தாழ்வு பற்றிக் கீழ்நிலைக் காவலர்களிடம் கேட்டால் நிறையச் சொல்வார்கள், பெயர் போடாமல்.

உயரதிகாரி என்றால் அரசு எப்போதும் அனுமதி மறுத்துவிடும் என்றும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு அழைத்து வந்தவர்களின் பற்களைப் பிடுங்கியதாக 2023-இல் ஓர் உதவிக் காவல் கண்காணிப்பாளர் மீது புகார் எழுந்தது. ஐ.பி.எஸ். அதிகாரி என்பதால் அனுமதி தேவைப்பட்டது. தமிழக அரசு கொடுத்தது. நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுப்பதில் வியப்பில்லை. யாரும் பார்க்காத வழக்கில் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்பதுதான் கேள்வி.

அந்தத் தூக்கத்துக்குப் புதிய சட்டம் ஒரு மணி கட்டியிருக்கிறது. அனுமதி கேட்ட நாளிலிருந்து 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அனுமதி அளித்ததாகவே கருதப்படும். பழைய சட்டத்தில் இப்படி ஒரு கெடு இல்லை, இது நல்ல மாற்றம். ஆனால் அதே சட்டம் இன்னொரு கதவில் கூடுதலாக ஒரு தாழ்ப்பாளையும் போட்டிருக்கிறது. பணியின்போது நடந்ததாகச் சொல்லப்படும் செயலுக்காகப் பொது ஊழியர் மீது ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தால், விசாரணைக்கு உத்தரவிடும் முன் அந்த ஊழியரின் மேலதிகாரியிடம் அறிக்கை பெற வேண்டும், ஊழியர் தரப்பு விளக்கத்தையும் பார்க்க வேண்டும். அடித்தவரின் மேலதிகாரியிடம் 'நடந்தது என்ன?' என்று கேட்பது. வலது கையால் கொடுத்ததை இடது கை வாங்கிக்கொண்டது.

இப்போது அந்த ஆய்வாளர் விட்ட அறைக்குத் திரும்புவோம். காவலில் இருப்பவரை அடிப்பது எந்த நாளும் காவலரின் கடமையாக முடியாது, ஆகவே அனுமதி தேவையில்லை என்று எழுதிய தீர்ப்புகள் பல உண்டு. அடித்த காவலரை, பையில் கைவிட்ட மருத்துவர் போலத்தான் அந்த நீதிபதிகள் பார்த்தார்கள். நானும் அதே கட்சி. ஆனால் 2020-இல் உச்ச நீதிமன்றம் பெங்களூரு துணை ஆணையர் ஒருவர் மீதான வழக்கில் வேறு திசையில் போனது. சட்டவிரோதமாக அடைத்து வைத்து அடித்தார்கள் என்பது புகார். விசாரணை என்ற கடமையோடு தொடர்புடைய செயலில் வரம்பு மீறல் இருந்தாலும் அனுமதி தேவை. வரம்பு மீறியதாலேயே கவசம் கழன்றுவிடாது என்றது நீதிமன்றம். அனுமதி பெறாத அந்த வழக்கு ரத்தாயிற்று.

இரண்டு வரிசைத் தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞரின் தவிப்பை நினைத்துப் பாருங்கள். அறை என்றால் வரம்பு மீறல், எலும்பு முறிவு என்றால் குற்றமா? எத்தனையாவது அடியில் கடமை முடிகிறது? அனுமதி ஆட்சேபத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்பதும் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். சாட்சிகள் பாதி பேசி முடித்த பிறகுகூட வழக்கு வாசலுக்குத் திரும்பலாம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது அப்படியொன்றும் கடினமல்ல என்பதற்கு நாடாளுமன்றமே சாட்சி. தில்லி கூட்டுப் பாலியல் வன்முறைக்குப் பிறகு 2013-இல் குற்றவியல் சட்டங்களைத் திருத்தியபோது, பாலியல் குற்றங்களுக்குப் பொது ஊழியர் மீது வழக்கு நடத்த அனுமதி தேவையில்லை என்று 197-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சில வரிகள், சிக்கல் தீர்ந்தது. காவலில் நடக்கும் சித்திரவதைக்கும் அதே போன்ற சில வரிகளைச் சேர்த்திருக்கலாம். 2023-இல் சட்டத்தை முழுவதுமாக மாற்றி எழுதியபோது அதற்கு வாய்ப்பும் கிடைத்தது. சேர்க்கவில்லை. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டுவிட்டு இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அதற்காக 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் மாநிலங்களவைக்குப் போன பிறகு காலாவதியாயிற்று.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 197-ஐ நாளைக்கே நீக்கினாலும் நிலைமை பெரிதாக மாறாது. காவலரைக் காப்பாற்றும் பெரிய கவசம் சட்டப் புத்தகத்தில் இல்லை. நிலையத்தின் நான்கு சுவருக்குள் இருக்கிறது. உள்ளே நடந்ததற்குச் சாட்சி யார்? சக காவலர். ஆவணம் யார் கையில்? நிலைய எழுத்தர் கையில். காயத்துக்கு விளக்கம் யார் எழுதுவது? 'கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்று மாவுக்கட்டோடு வரும் புகைப்படங்களை நம் செய்தித்தாள்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். காவல் நிலையக் கழிவறைகள் மட்டும் அப்படி என்ன வழுக்கும் என்று கேட்காமல், அந்தப் புகைப்படத்துக்குக் கைதட்டியவர்களும் நாம்தான்.

உத்தரப் பிரதேசத்தில் நூறு ரூபாய் லஞ்சம் கேட்டதாகக் காவலர் மீது புகார் சொன்ன ஒரு விவசாயி காவலில் இறந்துபோன வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. காவலில் நடந்ததற்குக் காவலர் மட்டுமே சாட்சி, அவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு பற்றிய சட்டத்தை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அதே ஆண்டு சட்ட ஆணையம் தன் 113-ஆவது அறிக்கையில் வழி சொன்னது: காவலில் இருந்தபோது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம், இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. 2001 முதல் 2020 வரை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 1,888 காவல் மரணங்கள். தண்டனை பெற்ற காவலர் 26 பேர். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு 197 மட்டும் காரணமாக இருக்க முடியாது.

சாத்தான்குளத்தை இந்தக் கோணத்தில் பாருங்கள். 2020 ஜூன் 19 இரவு, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டுக்கே நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லை. நிலையத்தில் கேமரா இருந்தது, பதிவைச் சேமிக்க இடமும் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்து, நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் ஒப்படைக்கச் சொன்னது. சுவருக்குள் நடந்தது வெளியே வந்ததற்குப் பெரிய காரணம், அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் கண்டதைச் சொல்லத் துணிந்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. இவ்வளவு வெளிச்சம் விழுந்த வழக்கே 2025-இலும் மதுரை நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

காலம் எப்படிக் கவசமாகும் என்பதற்கு வாச்சாத்தியைவிடப் பெரிய பாடம் நம்மிடம் இல்லை. தருமபுரி மாவட்டத்து அந்த மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. தீர்ப்பு வந்தது 2011-இல். அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல்.

கூட்டத்தைக் கலைக்கும்போது நடக்கும் துப்பாக்கிச் சூட்டுக்குத் தனிப் பிரிவு உண்டு. பழைய சட்டத்தில் 132, புதியதில் 151. அங்கும் அரசின் அனுமதி வேண்டும், நல்லெண்ணத்தோடு செய்தவருக்குப் பாதுகாப்பும் உண்டு. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது குறித்து விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், காவல் துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. ஆணையத்தின் அறிக்கை பரிந்துரைதான், தீர்ப்பு அல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை அந்தக் குடும்பங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இழப்பீட்டின் கதை கொஞ்சம் நம்பிக்கை தருவது. 1947-இல் மீரட் நகரில் ஒரு நகை வியாபாரியிடமிருந்து காவலர்கள் சுமார் நூறு தோலா தங்கத்தைக் கைப்பற்றி வைத்தார்கள். பொறுப்பிலிருந்த தலைமைக் காவலர் தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். அரசு ஈடு கட்ட வேண்டுமா? வேண்டாம், கைப்பற்றுவது அரசின் இறையாண்மை அதிகாரம், அதில் நேர்ந்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்றது 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தங்கத்துக்கே இந்தக் கதி என்றால் உயிருக்கு? ஒடிசாவில் காவலில் இறந்த மகனுக்காக ஒரு தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுவரை இடித்தது. உயிருக்கான அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் இறையாண்மை வாதம் எடுபடாது என்று சொல்லி 1,50,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. இன்று உயர் நீதிமன்றங்கள் இழப்பீடு வழங்குவதற்கு அதுவே வேர். ஆனால் பணம் பெரும்பாலும் கருவூலத்திலிருந்து போகிறது, அதாவது உங்கள் வரியிலிருந்தும் என் வரியிலிருந்தும். அதிகாரியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி மனித உரிமை ஆணையம் சில வழக்குகளில் சொல்வதுண்டு.

துறை நடவடிக்கை என்று ஒன்றும் இருக்கிறது. தமிழகக் காவலர் வாயில் '3 பி' என்றால் நடுக்கம்தான். பெரிய தண்டனைக்கான குற்றக் குறிப்பாணை அது. அதிலும் அவருக்கு அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவுப் பாதுகாப்பு உண்டு. விசாரிக்காமல் வேலையை விட்டு அனுப்பிவிட முடியாது. இது எல்லா அரசு ஊழியருக்கும் பொதுவான நியாயம், இதில் எனக்குக் குறையில்லை. 'காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம்' என்பதைத் தண்டனை போலச் செய்தி வெளியிடுவதில்தான் குறை.

வெளியிலிருந்து கண்காணிக்கும் அமைப்பு வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில் காவல் துறைப் புகார் ஆணையம் அமைய வேண்டும். தமிழகம் 2013-இல் சட்டம் இயற்றியது. ஆணையத்தின் தலைவராக உள்துறைச் செயலாளரையும், உறுப்பினராகக் காவல் துறைத் தலைமை இயக்குநரையும் வைத்தது. பூனைக்கு மணி கட்டச் சொன்னால், மணியைப் பூனையிடமே கொடுத்தது போல.

இதைப் படிக்கும் ஒருவருக்கு, நாளை தன் வீட்டிலோ தெருவிலோ தேவைப்படக் கூடிய சில விவரங்கள். காவலில் யாராவது இறந்தால் விசாரிக்க வேண்டியவர் கோட்டாட்சியர் அல்ல, நீதித்துறை மாஜிஸ்திரேட். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிச் சொல்கிறது, புதிய சட்டத்தில் அது 196-ஆவது பிரிவு. காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், உடற்கூறாய்வை வீடியோ எடுக்க வேண்டும் என்பவை அந்த ஆணையம் 1990-களிலிருந்தே சொல்லிவருபவை. கைது செய்யும்போது குறிப்பாணை எழுதி, குடும்பத்தினர் அல்லது அப்பகுதியைச் சேர்ந்த ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கின் 1996 தீர்ப்பு. நிலையங்களின் கேமராப் பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனித உரிமை ஆணையமும் நீதிமன்றமும் அந்தப் பதிவை வரவழைக்கலாம். அதைப் பாதுகாத்து வைக்கும்படி தேதி, நேரம் குறிப்பிட்டு எழுதும் மனுவை, மாவட்டக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று என்று முதல் நாளே ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள்.